பெர்லின் சிகிச்சையும் மண்டூர் வயலும்

அத்தானுக்கு இதயத்தசை நோய் என்று தெரிந்த பிறகு எங்கள் வீடு தேடி வந்த அறிவுரைகளுக்குக் கணக்கில்லை. வெள்ளைப்பூண்டை வெறும் வயிற்றில் விழுங்கச் சொன்னார்கள். மருதம்பட்டையை அவித்துப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து தந்தார்கள். கோயிலுக்கு நேர்த்தி வைத்தவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் விலை கூடிய அறிவுரை ஜேர்மனியிலிருந்து வந்தது. அக்காவின் மூத்த மகன், எனக்குப் பெறாமகன், அங்கே குடும்பத்தோடு இருக்கிறான். இரத்தத்தில் இருக்கும் கெட்ட ஆன்டிபாடிகளை நீக்கிவிட்டால் வீங்கிய இதயம் மீண்டும் சுருங்கிப் பழைய பலத்துக்கு வருகிறது, பெர்லினில் அப்படி ஒரு சிகிச்சை இருக்கிறது என்று எங்கேயோ வாசித்திருந்தான். அப்பாவை உடனே அங்கே கூட்டிப்போக வேண்டும், மண்டூரில் இருக்கும் வயலை விற்றால் செலவைச் சமாளித்துவிடலாம் என்பது அவனுடைய கணக்கு.

அந்த வயல் சின்னவளுக்கென்று ஒதுக்கிவைத்த சீதனம். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்குத்தான் போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இருந்தும் அக்கா விற்பதற்குச் சம்மதித்துவிட்டாள். "அப்பாவை விடவா வயல் பெரிது?" என்று சின்னவளும் சொல்லிவிட்டாள். மறுத்தவர் அத்தான் ஒருவர்தான். அவர் மறுத்ததும் சிகிச்சையில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. விதைப்பு நேரத்தில் ஊரை விட்டுப் போகமுடியாது என்பதுதான் அவருடைய நியாயம். ஆகவே யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்தச் சிகிச்சை என்ன, யாருக்கு, எவ்வளவு நிச்சயம் என்று படித்துப்பார்க்க வேண்டியிருந்தது. உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன் என்ற ஒரே காரணத்தால் அந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். இரவில் படுத்தால் இருமல், தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். வரம்பில் நடந்தாலே இளைக்கும். மாலையில் கால் வீங்கும், விரலால் அழுத்தினால் குழி விழும். முட்டு வருத்தம் (ஆஸ்துமா) என்று சொல்லி நீண்டகாலம் இழுக்கும் மருந்துதான் பாவித்தார். களுவாஞ்சிகுடியில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தபோதுதான் இதயம் பெரிதாக இருப்பது தெரிந்தது. பிறகு மட்டக்களப்பில் எக்கோ, அதாவது ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன். இடது இதயவறை ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் பாதிக்கு மேல், சாதாரணமாக 55 சதவீதத்துக்குக் குறையாமல், வெளியே தள்ள வேண்டும். அத்தானின் இதயம் 25 சதவீதத்தைத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. இதயக் குழாய்களில் அடைப்பு இல்லை. தைரொயிட் சரி. அவர் கள்ளும் தொடுவதில்லை, சாராயமும் தொடுவதில்லை. வேறு காரணம் அகப்படாத நிலையில் கொப்பியில் எழுதப்பட்டது: விரிவடைந்த இதயத்தசை நோய். தசை மெலிந்து, அறை பெருத்து, சுருங்கும் பலம் குறைந்துபோவது.

இந்தக் 'காரணம் அகப்படாத' என்ற இடத்தில்தான் பெர்லின் கதை தொடங்குகிறது. அது வெறும் வியாபாரக் கதை என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அதன் அடியில் இருக்கும் விஞ்ஞானம் மிகவும் நேர்த்தியானது என்று தெரிந்தது. அதனால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இதயத் தசைக் கலங்களின் மேற்பரப்பில் பீட்டா-1 என்று பெயர் வைத்த வாங்கிகள் இருக்கின்றன. ஓடும்போதும் பயப்படும்போதும் சுரக்கும் அதிரினலினும் நொரதிரினலினும் வந்து இவற்றில் பொருந்துகின்றன. பொருந்தியதும் இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கிறது. அந்த ஓமோன்கள் விலகியதும் இதயம் அடங்குகிறது. ஓமோன் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தாலும் வாங்கி சிறிது நேரத்தில் மந்தமாகிவிடும். அது உடல் வைத்திருக்கும் காவல்.

நோய்க்கிருமிகளைப் பிடிக்க உடல் உருவாக்கும் புரதங்கள் பிறபொருளெதிரிகள். ஆன்டிபாடி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சிலருடைய உடலில், கிருமிக்கு எதிராக இல்லாமல், தன்னுடைய பீட்டா-1 வாங்கிக்கு எதிராகவே பிறபொருளெதிரிகள் உருவாகிவிடுகின்றன. வாங்கிப் புரதத்தின் ஒரு பகுதி கலத்துக்கு வெளியே வளையமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பிறபொருளெதிரி போய்ப் பொருந்துவது அங்கேதான். பொருந்தி அதை அடைத்துவிட்டால்கூடப் பரவாயில்லை. அது வாங்கியைத் தூண்டுகிறது. அதிரினலின் செய்யும் வேலையையே செய்கிறது, ஆனால் விலகுவதில்லை. வாங்கி மந்தமாகும் அந்தக் காவலும் சரியாக வேலை செய்வதில்லை. அத்தானுக்கு இதை உழவு இயந்திரத்தை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன்: அதிரினலின் எக்சிலேட்டரை மிதித்துவிட்டுக் காலை எடுக்கும், இது மிதித்த காலை எடுக்காது. "அப்படி ஓடினால் இஞ்சின் பழுதாகத்தானே வேண்டும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இரவும் பகலும் தூண்டப்படும் தசை, கல்சியம் அளவு குழம்பிக் கொஞ்சம் கொஞ்சமாக இறந்துபோகிறது.

இதை 1987ஆம் ஆண்டே எழுதிவைத்தவர்கள் பெர்லினில் இருந்த கேர்ட் வாலுகாட்டும் ஆல்பர்ட் வொலன்பேர்கரும். அப்போது அது கிழக்கு ஜேர்மனி. அவர்கள் கண்டறிந்த விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறந்த எலிக்குட்டியின் இதயக் கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தால் அவை தாமாகவே துடிக்கும். நோயாளியின் குருதியிலிருந்து பிரித்த பிறபொருளெதிரிகளை அதில் சேர்த்து, நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு கூடுகிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து எண்ணினார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, பொறுமையான கண்கள்தான்.

இருந்தாலும் பிறபொருளெதிரி இருப்பது வேறு, அதுதான் நோயை உண்டாக்கியது என்பது வேறு. தசை அழிந்தபின், அந்த அழிவினாலேயே பிறபொருளெதிரி உருவாகியிருக்கலாம் அல்லவா? இந்தக் கேள்விக்கு 2004இல் வூர்ஸ்புர்க்கில் ரோலண்ட் யான்ஸ் குழுவினர் எலிகளில் விடை தேடினார்கள். வாங்கியின் அந்த வெளிவளையத் துண்டை எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். எலிகள் அதற்கெதிராகப் பிறபொருளெதிரி உருவாக்கின. மாதங்கள் கழித்து அவற்றின் இதயம் விரிந்து பலவீனமானது. அந்த எலிகளின் சீரத்தை, அதாவது பிறபொருளெதிரி உள்ள இரத்தத் திரவத்தை, ஆரோக்கியமான எலிகளுக்குத் தொடர்ந்து ஏற்றினார்கள்; அவற்றுக்கும் அதே நோய் வந்தது. வகுப்பில் காரணத்தையும் உடனிகழ்வையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. இப்போது ஒவ்வொரு வருடமும் இதைத்தான் சொல்கிறேன்.

சரி, கெட்டது இரத்தத்தில் மிதக்கிறது என்றால் அதை வெளியே எடுத்துவிடலாமே? அதுதான் பெறாமகன் வாசித்த சிகிச்சை. நோயாளியின் இரத்தத்தை வெளியே எடுத்து, இரத்தக் கலங்களைப் பிரித்து, மிஞ்சும் திரவவிழையத்தை, அதாவது பிளாஸ்மாவை, பிறபொருளெதிரிகளைப் பிடித்துவைக்கும் ஒரு குழல் வழியாகச் செலுத்தி, மீண்டும் உடலுக்குள் விடுகிறார்கள். சிறுநீரக நோயாளிக்கு இரத்தம் சுத்திகரிக்கும்போது பார்த்திருப்பீர்கள், ஏறத்தாழ அதே காட்சி. 2000ஆம் ஆண்டில் பெர்லின் குழு வெளியிட்ட ஆய்வில் 34 நோயாளிகள். பாதிப்பேருக்கு ஐந்து நாள் தொடர்ந்து இந்தச் சிகிச்சை, மறுபாதிக்கு வழமையான மருந்து மட்டும். ஒரு வருடத்தில் சிகிச்சை பெற்றவர்களின் சராசரி வெளித்தள்ளல் 22 சதவீதத்திலிருந்து 38 சதவீதத்துக்கு ஏறியது. மற்றவர்களுக்கு 24இல் இருந்தது 25 ஆனது.

பெறாமகன் பிடித்துக்கொண்டது இந்த 38ஐத்தான். "சின்னம்மா, அப்பாவுக்கு இப்போது 25. இது 38 ஆக வந்தால் போதாதா?" என்று கேட்டான். போதும்தான். நான் பிடித்துக்கொண்டது 34ஐ. அதில் சிகிச்சை பெற்றவர்கள் 17 பேர். தனக்கு என்ன நடக்கிறது என்று நோயாளிக்கும் தெரியும், வைத்தியருக்கும் தெரியும். ஐந்து நாள் படுக்க வைத்துக் கவனமாகப் பார்க்கப்பட்டவர் மருந்தையும் உப்பையும் ஒழுங்காகக் கவனித்திருக்கவும் கூடும். தவிர, அந்தக் குழல் கெட்ட பிறபொருளெதிரியை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. கிருமிகளிடமிருந்து காப்பாற்றும் நல்லவற்றையும் சேர்த்தே எடுத்துவிடும். அதனால் சிகிச்சை முடிந்ததும் பலருக்கு வெளியிலிருந்து இம்யூனோகுளோபுலின், அதாவது மற்றவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரிகள், ஏற்றுகிறார்கள். அது தனிச் செலவு. கழுத்து நாளத்தில் போடும் குழாய் வழியாகத் தொற்று வரும் ஆபத்து வேறு.

இத்தனை தொல்லையும் வேண்டாம், கெட்டதை மட்டும் உடலுக்குள்ளேயே வைத்துச் செயலிழக்கச் செய்யலாம் என்று அடுத்து யோசித்தவர்களும் இருக்கிறார்கள். வாங்கியின் வெளிவளையத்தைப் போலவே ஒரு சிறு வளையப் பெப்டைட்டை, அதாவது புரதத் துண்டை, செய்து ஊசியாகப் போட்டால், பிறபொருளெதிரி இதயத்துக்குப் போகாமல் அதில் ஒட்டிக்கொள்ளும் என்பது ஒரு வழி. இன்னொன்று பி.சி. 007 என்ற மருந்து. பதினைந்தே பதினைந்து அலகுகள் கொண்ட ஒற்றை இழை டி.என்.ஏ. மரபுச் செய்தி எதையும் அது கொண்டுபோவதில்லை. மடிந்து ஒரு உருவத்துக்கு வந்து, இந்த வகைப் பிறபொருளெதிரிகளில் ஒட்டி அவற்றை முடக்குவதுதான் அதன் வேலை. பெர்லின் கியூர்ஸ் என்ற நிறுவனம் இதை இதய நோய்க்கென்றுதான் வளர்த்தெடுத்தது.

பிறகு கோவிட் வந்தது. 2021இல் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையில், கோவிட் மாறியும் களைப்பு மாறாதிருந்த ஒருவருக்கு இந்த மருந்து ஏற்றப்பட்டது. அவர் தேறிவிட்டார். ஒரே ஒருவர். அந்தச் செய்தி உலகமெல்லாம் பரவியது. நோயாளிகள் அந்த மருந்தை எங்கே வாங்கலாம் என்று தேடித் திரிந்தார்கள். முறையான ஒப்பீட்டுப் பரிசோதனை நடந்து 2024 நவம்பரில் முடிவு வந்தபோது, அந்த மருந்து பெற்றவர்கள், மருந்துச் சத்து எதுவும் இல்லாத வெற்றுமருந்து பெற்றவர்களை விட மேலான முன்னேற்றம் காணவில்லை. அது நீடித்த கோவிட் பற்றிய முடிவு. இதயத்தசை நோய்க்கு அது உதவாது என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் ஒருவர் தேறியதை வைத்து வயலை விற்கக்கூடாது என்று அதிலிருந்து சொல்லலாம். பெறாமகனிடம் அப்படித்தான் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான்.

பிள்ளையின் கோபம் எனக்கு விளங்கியது. தூரத்தில் இருப்பவனுக்குப் பணம் அனுப்புவதும் வழி தேடுவதும் தவிர வேறென்ன செய்ய இருக்கிறது? அதனால் மறுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டு, அவன் மூலமாகவே கேட்டறிய வேண்டிய கேள்விகளை எழுதி அனுப்பினேன். இது ஆராய்ச்சிப் பரிசோதனையா, பணம் கட்டிப் பெறும் சிகிச்சையா? பரிசோதனை என்றால் மருந்துக்கு நோயாளியிடம் ஏன் பணம் கேட்க வேண்டும்? அப்பாவின் இரத்தத்தில் அந்தப் பிறபொருளெதிரி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பீர்களா, எந்த முறையில் பார்ப்பீர்கள்? இல்லை என்று வந்தால் என்ன செய்வீர்கள்? எடுத்துவிட்ட பிறபொருளெதிரி திரும்பவும் உருவானால் மறுபடியும் வரவேண்டுமா, அதற்கு யார் பொறுப்பு? திரும்பி ஊருக்கு வந்தபின் காய்ச்சல் என்றால் யாரைக் கேட்பது?

மூன்றாவது கேள்விக்கும் நான்காவது கேள்விக்கும் இடையில்தான் உயிர் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன். ஏனென்றால் இதயத்தசை நோய் உள்ள எல்லோருக்கும் இந்தப் பிறபொருளெதிரி இருப்பதில்லை. எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதிலேயே ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. துடிக்கும் கலங்களில் எண்ணிப் பார்த்தவர்களுக்குப் பெரும்பான்மையானோரிடம் கிடைத்தது. வேறு முறையில் பார்த்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. நோயில்லாத சிலரிடமும் அது இருந்திருக்கிறது. இது கிளினிக்கில் சர்க்கரை பார்ப்பதைப்போல எங்கும் பார்க்கக்கூடிய பரிசோதனையும் இல்லை.

அங்கே ஒரு தனியார் இடத்திலிருந்து யூரோவில் விலைப்பட்டியல் ஒன்று வந்தது. எத்தனை நாள் படுக்கை, எத்தனை அமர்வு, இம்யூனோகுளோபுலினுக்கு எவ்வளவு, மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு என்று எல்லாம் வரிசையாக இருந்தது. பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை. அதைச் சுட்டிக்காட்டியவன் பெறாமகன்தான், நான் இல்லை. அன்றிலிருந்து வயல் விற்கும் கதையை அவனாகவே எடுப்பதில்லை.

அடுத்த கிளினிக்கில் இருதய நிபுணரிடம் இதையெல்லாம் கேட்டேன். கேட்கத் தயங்கினேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் வெளியே வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் வாய் எழாது. கேள்விகளை ஒரு துண்டுக் கடதாசியில் மூன்றே வரியில் எழுதிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்தார். பிறகு அத்தானின் மருந்துப் பக்கத்தைத் திருப்பி, பிசோப்ரோலோல் என்ற பெயரின் மேல் பேனையை வைத்தார். "நீங்கள் சொல்லும் பிறபொருளெதிரி தூண்டுகிறதே, அதே பீட்டா-1 வாங்கியைத்தான் இந்தக் குளிசை அடக்குகிறது. தூண்டுவது எதுவாக இருந்தாலும் இது அடக்கப் பார்க்கும். இவருக்கு இன்னும் இதன் முழு அளவே ஏற்றி முடியவில்லை. அதற்குள் ஏன் ஜேர்மனி?"

எனக்கு இது உறைத்தது. வீட்டுக்கு வந்து அந்தக் குளிசையின் வரலாற்றைப் படித்தேன். ஒரு காலத்தில் பலவீனமான இதயத்துக்கு பீட்டா தடுப்பு மருந்து கொடுப்பது ஆபத்து என்றே பாடப்புத்தகங்கள் சொல்லின. 1975இல் சுவீடனின் கோதன்பேர்க்கில் துணிந்து சில இதயத்தசை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், தேறினார்கள். அந்தச் 'சிலர்' போதாது என்று உலகம் காத்திருந்தது. 1999இல் பிசோப்ரோலோல் ஆய்வின் முடிவு வந்தபோது அதில் 2647 நோயாளிகள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்றுமருந்து என்று நோயாளிக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. வெற்றுமருந்து பெற்றவர்களில் 17 சதவீதத்துக்குச் சற்று மேலானோர் இறந்தார்கள். மருந்து பெற்றவர்களில் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவானோர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரணம் குறைந்தது. இந்தக் குளிசையை மட்டக்களப்பில் இலவசமாகத் தருகிறார்கள். யூரோ தேவையில்லை.

ஆனால் அதைக் குடிப்பது சொல்வதைப்போலச் சுலபம் இல்லை. 1.25 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் பொறுத்துப் பொறுத்து, முடிந்தால் 10 வரை ஏற்ற வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு தடவையும் அத்தான் சில நாள் சோர்ந்து கிடந்தார். "இந்தக் குளிசைதான் என்னைக் கொல்கிறது" என்று ஒரு நாள் தூக்கி வைத்துவிட்டார். திடீரென்று நிறுத்துவதுதான் உண்மையில் ஆபத்து. அதை அவருக்கு அக்கா சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது. தலைசுற்றினால், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 50க்குக் கீழே போனால் கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் போய்க் கேட்க வேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது என்று கொப்பியின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். முழு அளவில் மூன்று மாதமாவது இருந்த பிறகே இதயம் எவ்வளவு மீளும் என்று சொல்லமுடியும் என்றார் நிபுணர்.

குளிசை என்றதும் இன்னொன்று. எங்கள் ஆட்கள் மருந்தை நிறத்தால் அறிவார்கள்: காலையில் மஞ்சள், இரவில் சின்ன வெள்ளை. 2022இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிளினிக்கில் கிடைக்காததை வெளியே வாங்க வேண்டியிருந்தது. கம்பனிக்குக் கம்பனி நிறமும் உருவமும் மாறியது. பழைய மஞ்சளும் புதிய வெள்ளையும் ஒரே மருந்து என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்து விழுங்கியவர்களை எனக்குத் தெரியும். மருந்தின் இரசாயனப் பெயரை, கம்பனிப் பெயரை விட்டுவிட்டு, வீட்டில் ஒருவராவது எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது சின்னவளின் பொறுப்பு.

தராசு இரண்டாவது மருந்து. காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, தேநீர் குடிக்க முன்பு, அதே சாரத்தோடு ஏறி நிற்க வேண்டும். நிறையைச் சுவரில் தொங்கும் கலண்டரில் அந்தத் திகதிக் கட்டத்திலேயே எழுதுகிறோம். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சோறு போட்ட கொழுப்பு இல்லை, தேங்கிய நீர். கால் வீங்கவும் மூச்சு முட்டவும் முன்பே தராசு சொல்லிவிடும். மண்டூர்க்காரருக்கு இது இன்னும் முக்கியம். வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வரும் பாதை, அதாவது ஆட்களை ஏற்றும் மிதவை, நேரம் கெட்ட நேரத்தில் ஓடாது. இரவில் மூச்சு முட்டினால் வெல்லாவெளி, பட்டிருப்புப் பாலம் என்று சுற்றிக்கொண்டுதான் களுவாஞ்சிகுடிக்கு வரவேண்டும். காலை நிறையைப் பார்த்து அன்றைக்கே புறப்படுவது எவ்வளவோ மேல். கார்த்திகை, மார்கழி மழையில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வீதிகள் வெள்ளத்தில் மூழ்கும் என்பதால் மாரி தொடங்க முன்பே இரண்டு வாரத்துக்கு மேலதிகக் குளிசை வீட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். கிளினிக்கில் காரணத்தைச் சொல்லிக் கேட்டால் தருகிறார்கள்.

உப்பைக் குறைக்கச் சொன்னால் எல்லோரும் கறியில் போடும் உப்பைத்தான் நினைக்கிறார்கள். அக்கா கறியில் பாதியாகக் குறைத்தாள். அப்படியும் நிறை இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பார்த்தேன்: காலையில் மாசிச் சம்பல், மத்தியானம் கருவாடு, கூடவே பொரித்த அப்பளம், பின்னேரம் கிறீம் கிரேக்கர். நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற எல்லை மத்தியானச் சோற்றோடு தாண்டிவிட்டது. கருவாட்டை விடச் சொன்னதுதான் அத்தானுடன் எனக்கு நடந்த மிகப்பெரிய சண்டை. வாவி மீனை அன்றன்றைக்கு வாங்கி, கொறுக்காய்ப் புளியும் மிளகும் கூட்டி ஆக்கினால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. நல்லநாள் பெருநாளில் ஒரு துண்டுக் கருவாடு என்று கடைசியில் உடன்பாடு. அவர் நல்லநாள்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டு போகிறார், அதையும் சொல்ல வேண்டும்.

உப்பு குறைந்த கடைச் சாமான் என்று சிலர் வாங்கும் மாற்று உப்புகளில் சோடியத்துக்குப் பதிலாகப் பொற்றாசியம் இருக்கும். இதய பலவீனத்துக்குத் தரும் ஸ்பைரோனோலக்ரோனும் லோசாட்டன், எனலப்பிரில் போன்றவையும் குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் பொற்றாசியம் ஏறினால் இதயத்துடிப்பே குழம்பிவிடும். இளநீரும் அதே வழக்கில் சேர்கிறது. வெயிலில் நின்று வந்தவருக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுப்பதை இங்கே யாரும் ஆபத்தாக நினைக்கமாட்டார்கள். அத்தான் ஒரு நாளைக்கு மூன்று குடித்துக்கொண்டிருந்தார். பரிசோதனையில் பொற்றாசியம் மேல் எல்லையில் நின்றது. அதோடு இளநீர் குடிப்பதும் நின்றது. மருதம்பட்டைக் கஷாயத்தையும், எந்த மருந்தோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாததால், நன்றி சொல்லி வாங்கி வாழை மரத்துக்கு ஊற்றிவிட்டோம்.

மூட்டு நோவுக்கும் இடுப்பு நோவுக்கும் பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்லோபெனாக், இபுபுரூபன் குளிசைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் வருத்தும். இதய பலவீனம் உள்ளவர் அவற்றைத் தொடவே கூடாது. விதைப்பு முடிந்த கையோடு யாரோ தந்த இரண்டு குளிசையால் அத்தான் வார்டில் படுத்தது ஒரு தனிக் கதை. இப்போது நோவுக்குப் பரசிட்டமோல் மட்டும்.

கடைசியாக எடுத்த எக்கோவில் அத்தானின் இதயம் 40 சதவீதம் தள்ளுகிறது. பெறாமகன் விரும்பிய 38ஐத் தாண்டிவிட்டது என்று சொல்லி அவனைக் கிண்டல் செய்தேன். அத்தானுக்கு அந்தப் பிறபொருளெதிரி இருந்ததா, இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. சோதித்துப் பார்க்கவே இல்லை. எல்லோருக்கும் இப்படித் தேறுமென்று நினைத்துவிடவும் வேண்டாம். முழு அளவு மருந்திலும் தேறாத இதயங்கள் உண்டு. அந்த மனிதர்களுக்காகத்தான் பெர்லின்காரர்களின் யோசனை நன்றாக வளர்ந்து, பிறபொருளெதிரி உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நூற்றுக்கணக்கானவர்களிடம் முறையாகச் சோதிக்கப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். அப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் வாசிக்கப்போவது நான்தான்.

ஜேர்மனியால் எங்களுக்குப் பயன் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. காரணம் அகப்படாத இதயத்தசை நோயில் ஒரு பகுதி பரம்பரையால் வருவது. அதனால் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் நோய்க்குறி இல்லாவிட்டாலும் ஒரு தடவை இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நிபுணர் சொல்லியிருந்தார். பெறாமகன் அங்கேயே எடுத்தான். இதயம் சரியாக இருக்கிறது, சில வருடங்களுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறார்களாம். அத்தானின் தம்பியும் எடுத்துவிட்டார். சின்னவள்தான் கலியாணம் பேசும் நேரத்தில் இதய கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும் என்று தட்டிக்கழிக்கிறாள். ஊரில் யாருக்கும் தெரியாமல் மட்டக்களப்பில் எடுக்கலாம். அடுத்த பாடசாலை விடுமுறையில் புடவைக்கடைக்குப் போவதாகச் சொல்லி நானே கூட்டிப்போகிறேன். புடவையும் வாங்கித்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.